சத்தம் வருது, தவில் வரேல்லை

உள்பெட்டியில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, கையில 35,000 இருக்கு. ரவுணில ஒரு ஹோம் தியேற்றர் பார்த்து வைச்சிருக்கிறன். அதை எடுக்கவோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் சேர்த்து நல்லதாய் ஒண்டு வாங்கவோ?"

இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. போன வருசம் இதே கேள்வியோடு மூன்று மாதம் அலைந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து இணுவிலில். தவில், நாதஸ்வரம் என்றால் ஊரே காது கொடுக்கும் இடம். ஐயாவுக்கு 78 வயது. 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை இளவயதில் கோயில் வீதியில் பக்கத்தில் நின்று கேட்டவர். இப்போது அவரிடம் இருப்பது, யாரோ எப்போதோ திருவிழாவில் கசற்றில் பதிந்து, பிறகு கொம்பியூட்டரில் ஏற்றி, கைமாறி வந்த சில பதிவுகள். ஒரு பென் டிரைவ். அதுதான் அவருடைய சொத்து.

நாலு வருசத்துக்கு முதல் அவருக்கென்று ரவுணில் ஒரு கடையில் ஆறு ஸ்பீக்கர் பெட்டி உள்ள ஹோம் தியேற்றர் செற் ஒன்று வாங்கினேன். முன்னால் நீல வெளிச்சம், ரிமோட், புளூடூத், பெட்டியில் கொட்டை எழுத்தில் 5,000 வாற். ஐயா பத்து நிமிசம் கேட்பார், பிறகு நிற்பாட்டிவிடுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "சத்தம் வருது, தவில் வரேல்லை."

வயதாகிவிட்டது, காதில்தான் பிழை என்று நினைத்தேன். காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதுக்கேற்ற குறைவு, மேல் சுருதி ஒலிகள் குறைந்திருக்கிறது என்றார். சரி என்று வீட்டுக்கு வந்து நான் செய்த வேலை, சத்தத்தைக் கூட்டி வைத்தது. ஐயா இன்னும் கெதியாக நிற்பாட்டத் தொடங்கினார்.

பிறகு ஒரு நாள் கொக்குவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். அவரிடம் இருபது வருசப் பழசான ஒரு சோடி மரப்பெட்டி ஸ்பீக்கரும் ஒரு சின்ன அம்பிளிபயரும் இருந்தன. ஐயா பொக்கற்றில் இருந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். பாட்டு ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவருடைய கைகள் கதிரையின் பிடியில் அசையத் தொடங்கின. இடது கையைத் தூக்கி "இது கழி" என்றார். வலது கையைத் தூக்கி "இது கூடு" என்றார். நாற்பது நிமிசம் எழும்பவில்லை.

தவிலை அருகில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பலா மரத்துக் கட்டை, இரண்டு பக்கமும் தோல். வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலில் விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள். தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் பூவரசங் கழி. கூடு தோலில் படும்போது கூர்மையாக ஒரு வெட்டு வரும். கழி விழும்போது அடியில் இருந்து ஒரு முழக்கம் வரும். இரண்டும் மாறி மாறி, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் வரும். அந்த வெட்டையும் முழக்கத்தையும் பிரித்துக் கேட்டால்தான் தவில். எங்கள் வீட்டு ஆறு பெட்டியில் இரண்டும் சேர்ந்து ஒரே 'டம்' ஆக வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி. ஸ்பீக்கர் அதிரும்போது பெட்டியும் சேர்ந்து அதிர்ந்து தன்னுடைய சத்தத்தைக் கலந்துவிடுகிறது. மேல் ஒலி ஏற்கெனவே குறைந்துபோன ஒரு காதுக்கு அந்தக் குழம்பலைப் பிரித்தெடுக்கவே முடியாது. நான் சத்தத்தைக் கூட்டியபோது குழம்பலும்தான் கூடியது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருசம் எடுத்தது. அந்த நாலு வருசமும் ஐயா பாட்டுக் கேட்காமல் இருந்தார் என்பது இப்போதும் மனதைக் குத்துகிறது.

இப்ப தம்பியின் கேள்விக்கு வருவோம். என்னுடைய பதில் ஒன்றே ஒன்று: பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறை. ஆறு வேண்டாம், இரண்டு போதும். 35,000 ரூபாவை ஆறு பெட்டிக்கும் ஒரு அம்பிளிபயருக்கும் பிரித்துப் பார், ஒன்றுக்கு 5,000. அதற்குள்தான் ரிமோட், வெளிச்சம், கப்பல் கூலி, வரி, கடைக்காரரின் லாபம் எல்லாம். ஸ்பீக்கருக்கென்று என்ன மிஞ்சும்? எங்களுடைய பாட்டுகள் அநேகமாக எல்லாம் இடது, வலது என்று இரண்டு பக்கத்துக்குப் (ஸ்டீரியோ) பதிந்தவை. பழைய கோயில் பதிவுகள் அதுவும் இல்லை, ஒற்றைப் பக்கம்தான். முதுகுக்குப் பின்னால் வைக்கிற பெட்டிக்கு அந்தப் பாட்டில் கொடுக்க ஒன்றுமே இல்லை. படம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அது வேறு கதை.

அடுத்தது அந்த வாற் கணக்கு. இதில்தான் எங்கள் சனம் அதிகம் ஏமாறுகிறது, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடமும் இதுதான். பெட்டியில் 5,000 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் சின்னதாக பி.எம்.பி.ஓ. என்று இருக்கும், ஒரு கணத்துக்கு மட்டும் என்று போடுகிற உச்சக் கணக்கு அது. செற்றைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்லுங்கோ. என்னுடையதில் 230 வோல்ற், 60 வாற் என்று இருந்தது. சுவரில் இருந்து 60 வாற் எடுக்கிற சாமான் 5,000 வாற்றை எங்கே இருந்து தொடர்ந்து கொடுக்கும்? பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற கணக்கு, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாற்றைச் சொல்வது. அதுவும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. காதுக்கு ஒரு சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாற் வேண்டும். 50 க்கும் 100 க்கும் நடுவில் இருக்கிறது வெறும் 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு), கவனித்துக் கேட்டால்தான் தெரியும். சாதாரண அறையில் அளவாகப் பாட்டுக் கேட்கும்போது ஓடுவது ஒன்றிரண்டு வாற்தான். வாற்றை விட ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேளுங்கோ: ஒரு வாற் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளக்கிற டெசிபெல் எண். 84 உள்ள ஸ்பீக்கருக்கு நாலு வாற் கொடுத்து எடுக்கிற சத்தத்தை 90 உள்ளது ஒரு வாற்றில் தரும்.

சத்தம் பெரிதென்றால் நல்லது என்ற எண்ணம் எங்களுக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். அது தூரத்துக்குக் கேட்கச் செய்த சாமான். அதை வீட்டுக்குள் தேடக்கூடாது.

மலிவான சாமானை நான் கேவலமாகச் சொல்லவில்லை. 1990 க்குப் பிறகு போரில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் றேடியோ கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிப் போகும், அண்ணன் வந்து மாற்றிக்கொள்வார். அந்தக் கையளவு ஸ்பீக்கரில் ஒரு சொல்லும் தவறாமல் பி.பி.சி.யின் தமிழோசை கேட்டோம். பேச்சுக்கு அவ்வளவு போதும். பழைய ரெலிபோன் 300 இல் இருந்து 3,400 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரைக்கும்தான் கடத்தியது, அதிலேயே ஆளை அடையாளம் கண்டோம். ஆகவே வீட்டில் செய்தியும் பட்டிமன்றமும்தான் ஓடும் என்றால் தம்பி, நல்ல சின்ன றேடியோ ஒன்று வாங்கு, 35,000 ஐயும் கொட்டாதே. பாட்டு என்றால்தான் இந்தக் கதையெல்லாம்.

புதிதாக வாங்குவதா, பழசா? 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 வரை போன பிறகு, நல்ல புதுச் சாமான் எங்களைப் போல மாதச் சம்பளக்காரருக்கு எட்டாமல் போய்விட்டது. நான் பழசுக்குத்தான் போனேன். ஸ்பீக்கர் சோடி 40,000, அம்பிளிபயர் 24,000, வயர் 1,500. மொத்தம் 65,500. ஒரேயடியாக இல்லை, முதலில் ஸ்பீக்கர், நாலு மாதம் கழித்து அம்பிளிபயர். கையில் இருக்கிற காசில் பெரிய பங்கு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். தடித்த சாதாரணச் செப்பு வயர் போதும்.

பழசு வாங்கும்போது முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கோ. ஸ்பொஞ்ச் வளையம் என்றால் எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பத்துப் பதினைந்து வருசத்தில் உதிர்ந்துவிடும், விரலில் கருப்பு மாவாக ஒட்டும். றப்பர் வளையம் என்றால் கனகாலம் நிற்கும். பெட்டியைத் தூக்கியும் பாருங்கோ. நல்ல மரப்பெட்டிக்கு ஒரு பாரம் இருக்கும்.

வெளிநாட்டில் இருந்து வருகிற சாமானில் மட்டும் மிகக் கவனம். கனடாவில் இருந்து வந்த மாமா ஆசையோடு ஒரு அம்பிளிபயர் கொண்டுவந்து தந்தார். அங்கே 120 வோல்ற். எங்களுக்கு 230. செருகியது நான்தான், ஒரு நிமிசம் ஆகவில்லை, புகை வந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யப்பானில் பாவித்து வந்தவை 100 வோல்ற்றாக இருக்கும். லண்டன், சுவிஸ், ஜேர்மனி சாமான் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 தான். பின்பக்கம் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். வோல்ற் வித்தியாசம் என்றால் இடையில் சரியான அளவு ட்ரான்ஸ்போமர் போட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

இனிக் காசு செலவில்லாத ஒரு விசயம். அறை. எங்கள் வீடுகளில் தரை டைல்ஸ் இல்லாவிட்டால் சீமெந்து, சுவர் வெறும் பூச்சு. நடு அறையில் நின்று ஒரு தரம் கை தட்டிப் பாருங்கோ, 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். எந்த ஸ்பீக்கரும் அந்த வாலோடுதான் பாடும். நான் முதலில் ஸ்பீக்கரை மூலையில் தரையில் வைத்தேன், அடி ஒலி ஊதிக்கொண்டு வந்தது. பிறகு சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, இரண்டு பழைய ஸ்டூலில் ஏற்றி, ஐயா கதிரையில் இருந்தால் காது மட்டத்துக்கு மேல்பக்கச் சின்ன ஸ்பீக்கர் வருகிற மாதிரி வைத்தேன். தரையில் பாய், யன்னலுக்குத் தடித்த சீலை, பின்சுவரில் புத்தக அலுமாரி. அன்றைக்கு விழுந்த வித்தியாசம் இன்னொரு 40,000 செலவழித்தாலும் விழுந்திருக்காது. மூன்று லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கி வெறும் டைல்ஸ் அறையில் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முதலில் ஒரு பாய் வாங்கச் சொல்வேன்.

கடைக்குப் போனால் அவர்கள் போட்டுக் காட்டுகிற பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அது அந்தப் பெட்டிக்கென்றே தெரிந்தெடுத்த பாட்டு. உங்களுக்கு நூறு தரம் கேட்டுப் பழகிய ஒன்றைக் கொண்டுபோங்கோ. எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் நாதஸ்வரமும் தவிலும் நேரே காதில் விழுகிற ஊர் இது. மைக் இல்லாத இடத்தில், பத்தடி தள்ளி நின்று கேட்ட அந்த ஒலி உங்களுக்குள் இருக்கும். ஸ்பீக்கரை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கோ, விலைச்சீட்டோடு இல்லை.

தம்பி, 35,000 ஐ இப்ப வைத்திரு. சனிக்கிழமை பின்னேரம் வீட்டுப் பக்கம் வா, உன்ர பாட்டை நீயே கொண்டு வா. ஐயா நாலு மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இருந்துவிடுவார். நடுக் கதிரை அவருக்கு. பக்கத்துக் கதிரையில் இருந்தாலும் வடிவாய்க் கேட்கும்.