பூமிக்கு அடியில் இறக்கினாலும் வாடகை வாடகைதான்

பொங்கல் விழாவில் நடந்தது, டெக்சாஸின் எண்ணெய் ஊரான இந்த மிட்லண்டில் இருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் கூப்பிட்டு வந்த விருந்தாளி அவர், இந்தப் பக்கத்து நிலத்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், அவரை வைத்துக்கொண்டே "பேராசை பிடிச்ச கிழவன்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெரியவர் கேட்பது ஒன்றே ஒன்று. அவர் நிலத்தில் உப்புத்தண்ணீர்க் கிணறு போட்டு, வேறு இடங்களில் எண்ணெயோடு வரும் கழிவுநீரையெல்லாம் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இறக்கும் பீப்பாய்க்கு நியாயமான காசு கொடுங்கள் என்கிறார். அடுத்தவர் இடத்தில் நம் சாமானை வைத்தால் வாடகை கொடுக்க மாட்டோமா? இதில் பேராசை எங்கே வந்தது?

நம்மைச் சுற்றியுள்ள பெர்மியன் எண்ணெய் வயல் பகுதியில் ஒரு பீப்பாய் எண்ணெய் எடுத்தால் கூடவே 3, 4 பீப்பாய் உப்புத்தண்ணீர் வருகிறது. கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்பு. பெரும்பகுதியை மறுபடி பூமிக்குள்தான் அழுத்தி அனுப்புகிறார்கள்.

"அதான் எண்ணெய்க்கு ராயல்டி (பங்குத்தொகை) வாங்குறாரே" என்று கேட்ட தம்பிக்கு: வாங்கவில்லை. டெக்சாஸில் மேல்நிலம் ஒருவருக்கு, அடியிலிருக்கும் எண்ணெய் இன்னொருவருக்கு என்று பிரிந்து கிடப்பது சர்வசாதாரணம். இவர் குடும்பத்தில் எண்ணெய் உரிமை தாத்தா காலத்திலேயே கைமாறிவிட்டது. அந்த நிலத்து எண்ணெயோடு வரும் தண்ணீரை அங்கேயே இறக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, சரி. வெளியிலிருந்து கொண்டுவர இவர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு விலை கேட்பது குற்றமா?

"பல ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிற இடத்தால் அவருக்கு என்ன பயன்?" பயனில்லாத இடத்துக்கு நிறுவனங்கள் ஏன் இப்படி அலைகின்றன? வடக்கு டகோட்டாவில் 2019-இல், காசு கொடுக்காமலே அந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டமே போட்டார்கள். நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. இங்கே டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஓர் உப்புச் சுரங்க வழக்கில், உப்பு எடுத்தபின் காலியான இடம் மேல்நிலத்துக்காரருடையது என்றது. அடுத்த மாதமே இன்னொரு வழக்கில், எண்ணெயோடு வரும் தண்ணீர், குத்தகையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, எண்ணெய் எடுப்பவருடையது என்றது. நல்லது. தண்ணீர் உங்களுடையது, இடம் அவருடையது. வாடகையைக் கொடுங்கள்.

நான் வரிக்கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்தின் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தேன். குழாய் வெடித்து உப்புத்தண்ணீர் ஓடிய இடத்தை அந்த அம்மா காட்டினார். தரை வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, கால் வைத்தால் நொறுங்கியது. நம் சீமைக்கருவேலத்தின் இனம்தான் மெஸ்கீட், லேசில் சாகாது. அதுவே காய்ந்து நின்றது. கொடுத்த நஷ்டஈடு மண்ணை அள்ளி மாற்றவே காணவில்லை என்றார். எத்தனை பீப்பாய் இறங்குகிறது என்பதற்கும் நிறுவனத்தின் மீட்டர்தான் சாட்சி. கிணற்றைச் சுற்றிய கம்பிவேலிக் கதவின் சாவி நிலத்துச் சொந்தக்காரரான அந்த அம்மாவிடம் இல்லை.

"நம்ம சம்பளமே எண்ணெயில்தானே வருது?" ஆமாம், என் வீட்டுக் கடனும் அதில்தான் அடைகிறது. அதற்காக?

"நமக்கெதுக்கு இவங்க ஊர்ப் பிரச்சினை" என்றதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. என் பிள்ளைகள் பிறந்த ஊர் இது. 2022 டிசம்பரில் மிட்லண்டுக்கு வடக்கே 5-க்கு மேல் நிலநடுக்கம் வந்தபோது என் வீட்டு அலமாரியும்தான் ஆடியது. ஆழத்தில் தண்ணீரை அழுத்துவது நடுக்கத்தைத் தூண்டும் என்பதால், நடுக்கம் வந்த பகுதிகளில் இப்படி இறக்கும் ஆழக் கிணறுகளுக்கு, டெக்சாஸில் எண்ணெய்த் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ரெயில்ரோடு கமிஷனே கடிவாளம் போட்டிருக்கிறது. அப்புறமும் இது யாரோ ஒரு கிழவரின் பிரச்சினையா?

நிறுவனங்களில் நில ஒப்பந்தம் பார்க்கும் நம்மவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். மீட்டர் கணக்கை மாதாமாதம் நிலத்துக்காரருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கசிந்தால் மண்ணை யார் செலவில் மாற்றுவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள்.