ஊதினதுக்கு இவ்வளவா என்று கேட்டவருக்கு

அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெனரேட்டரைச் சரிசெய்ததற்கு நான் கொடுத்த பில்லை ஒரு வாடிக்கையாளர் படம் எடுத்துப் போட்டு, "ஜெட்டில் காத்து ஊதினதுக்கு இவ்வளவு கூலியாம்" என்று எழுதியிருந்தார். ஜெட் என்றால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் துண்டு. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என்னிடம் மெஷின் விட்டு எடுத்தவர்களும் இருந்தார்கள், அதுதான் உறுத்துகிறது. அவர் பேரம் பேசியதில் எனக்குக் கோபமே இல்லை. காசு கொடுக்கிறவர் விலை கேட்பார், கேட்கத்தான் வேண்டும். செய்த வேலையை 'ஊதினது' என்று சுருக்கியதற்குத்தான் இந்தப் பதில்.

அந்த ஜெனரேட்டர் சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுகிற மூடி) போட்டால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை எடுத்ததும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி இரைந்துவிட்டு நின்றுவிடும். என்னிடம் வருவதற்கு முன்பே வேறு எங்கேயோ பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். பழுது அங்கே இல்லவே இல்லை. அந்தக் காசைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, கையில் ஒரு பொருள் வந்துவிட்டதே.

நான் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். குழாயைக் கழற்றி பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தேன். ஸ்பார்க் பார்த்தேன். ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு வால்வு இடைவெளி பார்த்தேன். பாதி சோக்கில் சீராக ஓடுகிற இன்ஜினுக்கு பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது. இணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று போகவில்லை என்று உறுதியான பிறகுதான் கார்புரேட்டரில் கை வைத்தேன். அதில் பெட்ரோல் நிற்கிற கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் வற்றி, மஞ்சளாக வார்னிஷ் போல ஒட்டிக் கிடந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. லைட்டுக்கு நேரே பிடித்தால் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. கம்பியால் குத்தினால் ஒரு நொடியில் திறந்துவிடும், ஆனால் அது பித்தளை. துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த மெஷின் கறுப்புப் புகையாகக் கக்கும். அதனால் கிளீனரில் ஊறவைத்து, பார்த்து, மறுபடி ஊறவைத்து, கடைசியில் காற்று அடித்தேன். அவர் கடைக்குள் வந்தது அந்தக் கடைசி நிமிஷத்தில்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கழற்றி மாட்டுவது அதற்கு அப்புறம்.

நான் தொழில் படித்த பட்டறையில் ஆசான் என்னை ரொம்ப நாள் ஸ்பேனரையே தொட விடவில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றை இழு, கையில் என்ன தெரியுது சொல்லு என்பார். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம், இருந்தால் கயிறு கையை எதிர்த்து நிற்கும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் லேசாக வந்துவிடும். நான் உளறுவேன். அவர் திட்டாமல் மறுபடி இழுக்கச் சொல்வார். உள்ளங்கை காய்த்துப்போனது அந்தக் கயிற்றில்தான். அதற்கு யாரும் எனக்கு பில் போட்டுக் காசு கொடுக்கவில்லை. இன்று கூலியாகக் கேட்பது அதையும் சேர்த்துத்தான்.

"மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துறாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏமாற்றுகிறவன் இருக்கிறான், அவனைப் பிடியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுக்கிறவன் நான், என்னிடம் ஏன் வருகிறீர்கள்?

"ரிப்பேர் செலவில் பாதி புது மெஷினே வந்துடும்" என்பது வேறு. அது நியாயமான பேச்சு. மலிவான சின்ன மெஷின்களுக்கு கிராங்க் ஷாஃப்ட் போனாலோ சிலிண்டரின் உள்சுவரான போர் தேய்ந்தாலோ செய்யாதீர்கள் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கும் மெஷினைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் "செய்யலையே, அப்புறம் என்ன காசு" என்று போய்விடுகிறார்கள்.

மரம் அறுக்கிற செயின்சா ஒன்று வந்தது. டூ ஸ்ட்ரோக். அதில் ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலில் கலந்தால்தான் உண்டு. 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அவர் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருக்கிறார், ஆயில் விலை அதிகமாம். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டன் நீளநீளமாகக் கீறியிருந்தது. அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "ரிங் மட்டும் மாத்திக் குறைச்சு முடிச்சுக் கொடுங்களேன்." அதைச் செய்து கொடுத்து, பத்து நாளில் நின்றிருந்தால் யார் பெயர் கெடும்?

"ஏழைகளிடம் கறார் காட்டாதே" என்கிறவர்களுக்கு ஒன்று. என்னிடம் கூலிக்கு வாக்குவாதம் செய்கிறவர்கள் அவர்கள் இல்லை. மருந்து அடிக்கிற ஸ்பிரேயரோடு வருகிறவர் தவணை சொல்லி, சொன்ன நாளில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர்களை முன்னால் நிறுத்திப் பேசாதீர்கள்.

மெஷினை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தையும் சேர்த்து. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் அளவை ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் சும்மாதான் சொல்கிறேன். போனில் கேட்டாலும் சொல்கிறேன். சொன்னபடி செய்தால் பாதிப் பேர் என்னிடம் வரவே வேண்டியதில்லை, எனக்குத்தான் வேலை குறையும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த ஆளைப் பார்த்துத்தான் கொள்ளை என்கிறீர்கள்.

என்னோடு வேலை பழகுகிற தம்பி அந்தப் பதிவைப் போனில் எனக்குக் காட்டினான். "அண்ணே, இதுக்கா நாம இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம்" என்று கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? காது கூர்மையான பையன். இரைச்சலை வைத்தே லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து ஓடுகிறது என்று அன்று முதலில் சொன்னது அவன்தான். அவன் இந்தத் தொழிலை விட்டுப் போனால் சிரித்தவர்கள் யாரும் வந்து கயிறு இழுக்கப் போவதில்லை.

இனி பில்லில், மெஷினைத் திறந்து பார்க்கும் கூலி தனி, வேலைக் கூலி தனி, ஸ்பேர் தனி. பார்க்கும் கூலி எவ்வளவு என்று மெஷினை இறக்கும்போதே சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி எடுத்துப் போகலாம். பார்த்த பிறகு செய்ய வேண்டாம் என்றாலும் சரி, அந்தக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் முறையாகப் பூட்டித்தான் கையில் கொடுப்பேன்.