அந்த விருது டப்பிங்கை எடிட் செய்தவருக்குப் போயிருக்க வேண்டும்

2022-இல் அறிவித்த 68-வது தேசியத் திரைப்பட விருதுகளில், படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது சிங்க் சவுண்ட் (நடிக்கும்போதே தளத்தில் குரலைப் பதிவுசெய்வது) படமே இல்லை, டப்பிங் செய்தது என்று படத்தின் ஒலி வடிவமைப்பாளரே ட்விட்டரில் போட்டு உடைத்தார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியும் வெளிப்படையாகக் கண்டித்தார். நடுவர்களுக்குக் காதே இல்லையா என்று எங்கள் வட்டாரமே கொந்தளித்தது.

நியாயமான கோபம்தான். ஆனால், ஒலி எடிட்டிங் செய்துகொண்டே அதைச் சொல்லியும் கொடுக்கிற எனக்கு வேறொன்றும் தோன்றியது. டப்பிங் தியேட்டரில் பேசியதைத் தளத்தில் பேசியது என்று ஒரு நடுவர் குழுவையே நம்பவைத்திருக்கிறார்களே, அதைச் செய்த கைகளுக்கு என்ன விருது?

டப்பிங்கில் நடிகர் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று பேசுவார். திரையில் அவர் கிணற்றடியில், கேமராவுக்கு இருபதடி தூரத்தில் இருப்பார். அந்தத் தூரத்தைக் குரலில் கொண்டுவர வேண்டும். 'ப', 'ம' வரும் இடத்தில் உதடு மூட வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டு மூன்று தள்ளினாலே உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வசனத்துக்கு முன்னால் வரும் மூச்சைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வெட்டி எறிந்தால் ஆள் பொம்மையாகிவிடுவார். பிறகு காலடி, புடவைச் சரசரப்பு, பின்னணியில் ஊர்ச் சத்தம். இவ்வளவும் சரியாக அமைந்தால் ரசிகர் சொல்வது: "வசனம் சூப்பர்".

வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது அட்மாஸும் (தியேட்டரில் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) வெடிச் சத்தமும்தான். நான் கொடுப்பது, இசையே இல்லாமல் இரண்டு பேர் பேசும் ஒரு காட்சி. முகம் சுருங்கிவிடும். வெட்டி ஒட்டிவிட்டுக் கேட்கச் சொல்வேன். நடிகர் பேசும்போது ஃபேன் ஓடும், வாயை மூடியதும் ஃபேனும் நின்றுவிடும்! அப்போதுதான் ரூம் டோன் எதற்கென்று புரிகிறது. யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவுசெய்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் தளங்களில் யாரும் தருவதில்லை, அதற்குள் லைட்டைக் கழற்றிவிடுவார்கள்.

இணையத்தில் வாங்கிய ஒலித் தொகுப்புகளை வகுப்பில் தொடவிடுவதில்லை. கழுகைக் காட்டினால் அமெரிக்கச் செவ்வால் பருந்து கத்துகிறது, நம் படங்களிலும்! ராத்திரி வேளச்சேரிக்குப் போய்த் தவளையைப் பதிவுசெய்து வா என்றால் சிரிக்கிறார்கள்.

ஆஸ்கரில் ஒலி எடிட்டிங் விருதையும், எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்குக்கான விருதையும் 2021-இல் ஒன்றாக்கினார்கள். இரண்டும் ஒரே கணினிக்குள் நடக்கிற காலம், சரி. நம் தேசிய விருதிலும் 70-வது ஆண்டிலிருந்து தள ஒலிப்பதிவு விருது இல்லை, ஒலி வடிவமைப்புக்கு மட்டும்தான். இங்கே எனக்கு உடன்பாடில்லை. சிங்க் சவுண்ட் இப்போதுதான் தமிழில் பரவுகிறது, வெயிலில் மைக் மாட்டிய பூம் கம்பைத் தூக்கி நிற்பவரின் விருதையா எடுப்பது?

"இதில் வேலை கிடைக்குமா சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வசனத்தைப் பொறுமையாக எடிட் செய்யத் தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்கும். வெடிகுண்டு இரண்டாம் பருவத்தில்.