ஆன்செலோட்டிக்கு வியூகம் தெரியாதா?

இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டியைப் பற்றி, ‘வீரர்களை அனுசரித்துப் போவார், அவ்வளவுதான், வியூகக்காரர் அல்ல’ என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி.

தொடக்கத்தில் அவர் பிடிவாதக்காரர். மிலான் அணியில் பயிற்சியாளர் சாக்கியிடம் நடுக்களத்தில் ஆடி 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர். 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியில் சாக்கிக்கே உதவியாளர். பார்மா அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது சாக்கியின் 4-4-2 (நான்கு தற்காப்பாளர், நான்கு நடுக்கள வீரர், இரண்டு முன்கள வீரர்) அமைப்புதான் வேதம். முன்கள வீரருக்குப் பின்னால் சுதந்திரமாக ஆடுபவருக்கு அதில் இடமில்லை என்று இத்தாலியின் நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜ்ஜோவையே வேண்டாம் என்றார். அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

மாற்றம் தெரிந்தது மிலானுக்கே பயிற்சியாளரானபோது. பந்தை நுணுக்கமாகக் கடத்தும் பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். (இது அவர் கண்டுபிடிப்பு என்பார்கள், 2001இல் பிரெஷா அணியில் பயிற்சியாளர் மாட்ஸோனே ஏற்கெனவே செய்தது.) பிர்லோ பந்தைப் பறிப்பதில் வல்லவரல்ல. அதனால் பக்கத்தில் ஓடிப் பந்தைப் பறிக்க கட்டூசோ. 2007 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் அம்ப்ரோசினியும் சேர, மேலே சீடோர்ஃப், காகா, உச்சியில் இன்ஸாகி: 4-3-2-1. இதன் பலவீனம் அகலம். ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர் கிடையாது, பக்கவாட்டுத் தற்காப்பாளர்கள்தான் ஏற வேண்டும், ஏறினால் பின்னால் வெற்றிடம்.

2014இல் ரியல் மாட்ரிட்டில் விங்கரான டி மரியாவை நடுக்களத்துக்கு இழுத்தார். 2022 இறுதியில் நேரெதிர்: நடுக்கள வீரர் வால்வெர்டே வலது ஓரத்தில். வினிசியஸ் அடித்த ஒரே கோலுக்குப் பந்து வந்தது வால்வெர்டே காலிலிருந்துதான். இதற்குப் பெயர் வியூகமில்லை என்றால் வேறென்ன?