அவன் கண்ணைப் பார்க்க வேண்டாம்

நாகர்கோவிலில் அனிமேஷன் படிக்கும் பையன் ஒருவன் போன வாரம் தன் குறும்படத்தின் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த படங்களை, எனக்கு அனுப்பியிருந்தான். ஏழு நிமிடப் படம். ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞன், அவனைப் பிடித்துப்போகிற ஒரு பெண். கடைசிக் காட்சியில் அவள் அவன் கையைப் பிடிக்கிறாள். அதுவரை யார் முகத்தையும் பார்க்காதவன் அவள் கண்ணை நேராகப் பார்க்கிறான். அவ்வளவுதான், படம் முடிகிறது.

நல்ல மனசோடு வரைந்திருக்கிறான். ஆனாலும் அந்தக் காட்சி வேண்டாம் என்று பதில் எழுதினேன். ஏன் என்று இங்கேயும் சொல்கிறேன்.

என் தம்பிக்கு 28 வயது, ஆட்டிசம் உண்டு. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிற ஒரே வைத்தியம்: "ஒரு கல்யாணத்தைக் கெட்டி வை மக்கா, எல்லாம் சரியாவும்." இது நோயில்லை, பிறந்ததிலிருந்தே மூளை வளர்கிற விதம் வேறு என்று அம்மை சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். காதல் வந்ததும் கண்ணைப் பார்த்துவிட்டான் என்று வரைந்தால், மாமிமார் சொன்னதைத்தானே நாமும் படமாக்கிக் கொடுக்கிறோம்?

தம்பி மார்த்தாண்டத்தில் தேன் அடைக்கும் இடத்தில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறான். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குலசேகரம் பக்கம் வீடு. ஒருநாள் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குலசேகரம் பஸ்களின் நேரத்தை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறான். அதில் இரண்டு நேரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில்: 'ஏர் ஹாரன். ஏறாதே.' அவளுக்கு ஹாரன் ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குத்தான் காதுக்குள் ஊசி இறங்குவது போல இருக்கும். தனக்கு வலிக்கிறது அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அந்தத் தாளை அவள் போன் கவருக்குள் மடித்து வைத்திருக்கிறாள். இது காதலா என்று நான் கேட்கவில்லை, அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். "அவ பக்கத்துல இருந்தா காது வலிக்காது அக்கா" என்று மட்டும் ஒருமுறை சொன்னான்.

வரைய வேண்டியது இதைத்தான். சாதாரணப் படத்தில் ஹாரன் வெறும் ஹாரன்தான். அனிமேஷனில் அதே சத்தத்தை ஒரு நிறமாக, படத்தையே கிழிக்கிற கோடாக ஆக்கலாம். அவள் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கோடு மெலிவதைக் காட்டலாம். வசனமே தேவையில்லை.

2020-இல் பிக்ஸார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் வெளியிட்ட 'லூப்' குறும்படத்தைப் பாருங்கள். எரிக்கா மில்சம் இயக்கியது. பேசாத ரெனேயும் ஓயாமல் பேசும் மார்க்கஸும் ஒரே படகில். ரெனேக்குக் குரல் கொடுத்த மேடிசன் பேண்டியும் ஆட்டிசம் உள்ளவர்தான். ரெனே மிரண்டுபோய்ப் படகுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்போது மார்க்கஸ் அவளை இழுக்கவில்லை. அவளுக்குப் பிடித்த நாணலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். அது காதல் படமில்லை, இரண்டு பிள்ளைகளின் சிநேகம். ஆனாலும் காதல் படம் எடுக்கிறவர்கள் அந்தக் காத்திருப்பைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதினார்: புரியாமை ஒரு பக்கம் மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களைப் புரிவதில்லை. அப்படியானால் படத்தில் அவன் மட்டும் ஏன் மாற வேண்டும்? அவளும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். அவன் வேண்டாம் என்று சொல்கிற காட்சியும் இருக்கட்டும். அவள் பரிதாபப்பட்டுக் காதலிக்க வேண்டாம். அப்புறம், ஆட்டிசம் உள்ள பெண்களை யாராவது வரையுங்கள். அவர்கள் காதலிப்பதாக ஒரு ஸ்டோரிபோர்டு கூட என்னிடம் வந்ததில்லை.

அந்தப் பையன் பஸ் நேரத் தாளைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்டான். தம்பியிடம் கேட்டேன்.

"படத்துல ஹாரன் வருமா?"

வரும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ நான் பாக்க மாட்டேன். அவன் வரையட்டும்."