நெருப்புல போன புள்ளைங்களுக்கு நெருப்பு வடிவத்துலயே சிலையா?

அக்கா பொண்ணு இங்க டெல்லில ஆர்க்கிடெக்சர் படிக்கிறா, ஹாஸ்டல் சாப்பாடு இறங்காம சனி ஞாயிறு ஆர்.கே.புரம் நம்ம வீட்டுக்கு ஓடி வந்துடுவா. போன வாரம் லேப்டாப்போட நேரா கிச்சனுக்கே வந்துட்டா. "சித்தி, இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட், எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ விபத்துக்கு நினைவிடம். (அங்க பாலக்கரைல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, இது பேப்பர்ல வரையற பயிற்சி மட்டும்தான்.) செத்துப்போன புள்ளைக்கு ஒண்ணா 94 ஸ்டீல் கம்பி, ஒவ்வொண்ணும் தீ நாக்கு மாதிரி வளைஞ்சு மேல போகுது, ராத்திரிக்கு ஆரஞ்சு லைட் வேற. பார்க்க பிரமாதமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா தோசைய திருப்ப மறந்துட்டேன். ஏண்டி, பெத்தவ ஒருத்தி வருஷா வருஷம் ஜூலை 16 அங்க வந்து நிப்பாளே, அவ கண்ணுக்கு இது என்னவா தெரியும்னு யோசிச்சியா?

மூஞ்சி சுருங்கிப் போச்சு பாவம். சரி வாடின்னு மறுநாள் கிரீன் பார்க் கூட்டிட்டுப் போனேன். உப்ஹார் தியேட்டருக்கு எதிர்ல ஸ்மிருதி உபவன்னு சின்னதா ஒரு நினைவுப் பூங்கா, டெல்லில இத்தனை வருஷம் இருக்கறவங்களே பாதிப் பேர் உள்ள போயிருக்க மாட்டாங்க. 1997 ஜூன் 13, மேட்னி ஷோ நேரத்துத் தீ விபத்துல செத்துப்போன 59 பேர் பேரும் கல்லுல இருக்கு. பேருக்குப் பக்கத்துல பிறந்த தேதி. அவ்வளவுதான். இவ ஒவ்வொண்ணா வயசு கணக்குப் போட ஆரம்பிச்சா, பத்து, பதினேழு, இருபத்தி ஒண்ணுன்னு, பாதில நிறுத்திட்டா. பிறந்து ஒரு மாசமே ஆன குழந்தையும் அன்னைக்குப் போச்சு. எந்தச் சிலையும் பண்ணாத வேலைய அந்தத் தேதிங்க பண்ணிடுது.

ஆனா எனக்கு அதுவும் பத்தாது. எப்படிச் செத்தாங்கன்னும் பக்கத்துலயே எழுதணும். கீழ டிரான்ஸ்பார்மர்ல பிடிச்ச தீ, மேல பால்கனில இருந்தவங்கள கொன்னது தீ இல்ல, புகை. வெளிய ஓட வழி இருந்துச்சு, அதுல எக்ஸ்ட்ரா சீட் போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க. அந்த பால்கனி பிளானை அப்படியே கல்லுல கோடு போட்டு வச்சா, அதைப் பார்த்துட்டுப் போறவன் அடுத்த தடவை மால்ல சினிமாவுக்குப் போறப்போ எக்ஸிட் எங்கன்னு திரும்பிப் பார்ப்பான்ல? ஜப்பான்ல அனெயோஷின்னு ஒரு ஊர்ல 1933 சுனாமிக்கப்புறம் ஒரு கல்லு நட்டாங்க, இதுக்குக் கீழ வீடு கட்டாதேன்னு. ஊர்க்காரங்க கேட்டாங்க, 2011ல தண்ணி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்னுடுச்சு. நம்ம ஊர்ல கல்லு வச்சா திறந்து வச்ச மந்திரி பேருதான் பெரிய எழுத்துல இருக்கும், கேட்டா புரோட்டோகால்ம்பாங்க.

கும்பகோணத்துலயும் அதே கதைதான், ஒரே கட்டடத்துல அடைச்சு வச்ச புள்ளைங்க, சத்துணவு சமையக்கட்டுல பிடிச்ச தீ, மேல கீத்துக் கொட்டகை, குறுகலான படி. இதெல்லாம் எழுதாம தாமரைப்பூவும் ஜோதியும் வச்சா ஏதோ இடி விழுந்து செத்த மாதிரி ஆயிடும்.

திரும்பி வர்றப்போ மெட்ரோல மாயா லின் கதைய அவளே சொன்னா. வியட்நாம் போர் நினைவுச்சுவர் டிசைன் பண்ணப்போ அந்தப் பொண்ணுக்கு வயசு 21தானாம், பேரெல்லாம் அகர வரிசைல இல்லாம செத்த நாள் வரிசைல போட்டாளாம், அதனால ஒண்ணா செத்த சிநேகிதங்க கல்லுலயும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. சொல்லிட்டே வந்தவ ஐஎன்ஏ ஸ்டேஷன் தாண்டினதும் திடீர்னு, "சித்தி, அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் வரிசைல போட்டா?"ன்னா.

ஸ்டேஷனைக் கோட்டை விட்டோம்னு அப்பதான் தெரிஞ்சுது, அது வேற.

இப்போ கம்பியெல்லாம் போச்சு. மூணடிச் சுவர், கிளாஸ் வாரியா பேரு, பெரியவங்க குனிஞ்சோ உக்காந்தோதான் படிக்க முடியும். சுவரோட அகலம் அந்தப் படிக்கட்டு அகலம். காலேஜ்ல இதெல்லாம் மார்க் வாங்குமான்னு தெரியல. நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப் பண்றா, இனிஷியலோட எழுதணுமா வேணாமா சித்தின்னு.

டீச்சர் எப்படிக் கூப்பிட்டிருப்பாங்களோ அப்படி எழுதுன்னு அனுப்பினேன்.