செட்டு எப்ப வரும் மாப்ள?

(நியூயார்க், மேற்கு 49ஆம் தெரு, அம்பாசடர் தியேட்டர். ‘சிகாகோ’ என்ற மியூசிக்கலின் (பாட்டும் ஆட்டமுமான நாடகம்) முதல் பாதி முடிந்து இடைவேளை.)

மாமனார்: மாப்ள, செட்டு எப்ப வரும்?

மாப்பிள்ளை: எந்த செட்டு மாமா?

மாமனார்: பாதி நாடகம் போயிருச்சு. ஜெயிலுங்கிறாங்க, கம்பியக் காணோம். வீடுங்கிறாங்க, சுவரக் காணோம். நாலு நாற்காலி, ஓரத்துல ஏணி. வெள்ளையடிக்க வந்தவன் விட்டுட்டுப் போயிட்டானா?

மாப்பிள்ளை: அவ்வளவுதான் செட்டே. 1996 மே மாசம் இதே ஊர்ல சிட்டி சென்டர்ங்கிற அரங்கத்துல ‘என்கோர்ஸ்’ங்கிற வரிசையில இதைப் போட்டாங்க. பழைய மியூசிக்கலைத் தூசி தட்டி, ஒருசில நாள் மட்டும் கச்சேரி மாதிரி நடத்துவாங்க. அதுல வாத்தியக்காரங்க மேடையிலயே உக்காருவாங்க. ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு, நவம்பர் 14ஆம் தேதி அப்படியே பிராட்வேக்கு, அதான் இந்த ஊரோட பெரிய நாடகத் தியேட்டர்களுக்கு, தூக்கிட்டு வந்துட்டாங்க.

மாமனார்: தூக்கிட்டு வர்ற வழியில ஒரு படுதா வாங்கியிருக்கலாம். நம்ம ஸ்பெஷல் நாடகத்துலயே ஆர்மோனியத்த ஓரமாத்தான் வைப்பாங்க. இவங்க மூலஸ்தானத்துலயே வச்சுட்டாங்களே!

மாப்பிள்ளை: செட்டுக்குச் செலவில்லாததும் இது இத்தனை வருஷமா ஓடுறதுக்கு ஒரு காரணம் மாமா. 1975ல முதல்ல போட்டப்ப பிராட்வே நாடகங்களுக்குக் குடுக்கிற டோனி விருதுல 11க்குப் பரிந்துரை, கிடைச்சது பூஜ்யம். இந்த மறுபதிப்புக்கு ஆறு.

மாமனார்: அதே கதைதானே?

மாப்பிள்ளை: அதே கதைதான், ஜனங்கதான் மாறிட்டாங்க. கொலை பண்ணினவங்க பேப்பர் புண்ணியத்துல ஸ்டார் ஆகுறாங்கன்னா 75ல கசந்துச்சு. 95ல ஓ.ஜே. சிம்ப்சன்ங்கிற ஃபுட்பால் ஸ்டார் மேல நடந்த கொலைக் கேஸ நாள்பூரா டிவியில பார்த்தவங்களுக்கு அது வீட்டுச் சமாச்சாரம் ஆயிருச்சு. கதையும் கட்டினதில்ல. மொரீன் வாட்கின்ஸ்னு ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நிருபர். 1924ல ரெண்டு கொலைக் கேஸப் பத்தி எழுதினாங்க, 1926ல அவங்களே நாடகமாக்கிட்டாங்க.

மாமனார்: அதெல்லாம் சரி. ஆடுறவங்களுக்கு ஏன் முட்டி ரெண்டும் உள்ள பார்க்குது? வாதமா?

மாப்பிள்ளை: அது பாப் ஃபாஸியோட பாணி, 75ல இதை இயக்கி ஆட்டமும் அமைச்சவரு. அவருக்குப் பாதம் உள்பக்கமாத் திரும்பியிருக்கும், அதையே ஆட்டமாக்கிட்டாரு. முன்மண்டை வழுக்கை, அதான் தொப்பி.

மாமனார்: எனக்கும் வழுக்கைதான். ஒருத்தன் ஆடச் சொல்லல. (கழுத்தைத் தடவி) எனக்கு மட்டும் மேடை கோணலாத் தெரியுதே?

மாப்பிள்ளை: இந்த தியேட்டரையே மனையில குறுக்காத் திருப்பி வச்சுத்தான் 1921ல கட்டினாங்க. இடம் சின்னது. அதனால ஓரத்து சீட்டு கொஞ்சம் மறைக்கும்.

மாமனார்: தெரிஞ்சுமா வாங்கினீங்க?

மாப்பிள்ளை: டைம்ஸ் ஸ்கொயர் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியில அன்னன்னிக்கு மிச்ச டிக்கெட் விக்கிறாங்கல்ல, அங்க பாதி விலைக்குக் கிடைச்சுது.

மாமனார்: பாதி விலைக்குப் பாதி மேடை. நியாயஸ்தன்.

மாப்பிள்ளை: ‘பார்ஷியல் வியூ’வா, அதாவது மேடை கொஞ்சம் மறையுற சீட்டான்னு கேட்டுட்டு வாங்கணும். நடு சீட்டு இல்லன்னா மாடியில முன்வரிசை கேக்கணும். கவுண்டர்ல பின்னாடி இருந்தவரு அவசரப்படுத்திட்டாரு.

மாமனார்: உள்ள வரும்போது குடுத்த நாடகப் புத்தகத்துலேருந்து துண்டுச்சீட்டு ஒண்ணு விழுந்துச்சே, அது என்ன? மொய்க் கணக்கா?

மாப்பிள்ளை: இன்னிக்கு யாரோ லீவு, பதிலுக்கு யார் நடிக்கிறாங்கன்னு போட்டிருக்கும். ‘ஸ்விங்’னு சிலர் இருக்காங்க. ஒரே ஆளு பல பேரோட ஆட்டத்த மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு, யார் வரலையோ அந்த இடத்துல இறங்குவாங்க. நாடகத்துல கஷ்டமான வேலை அதுதான்.

மாமனார்: நடிகர் வரலைன்னா காசு வாபஸா?

மாப்பிள்ளை: போர்டுல நாடகத்தோட பேருக்கு மேல யார் பேர் இருக்கோ, அவங்க வரலைன்னாத்தான் கேக்கலாம். கீழ இருந்தா பேசாம உக்கார வேண்டியதுதான்.

மாமனார்: பேருன்னதும் ஞாபகம் வருது. (புத்தகத்தைப் புரட்டி) எல்லாருக்கும் முழுப்பேர் போட்டிருக்கு. அந்த மேரி சன்ஷைன், கீச்சுக்குரல்ல பாடின பேப்பர்க்காரம்மாவுக்கு மட்டும் முன்பேருல ஒத்தை எழுத்துதான். ஏன் மாப்ள?

மாப்பிள்ளை: ஐயோ, மெதுவா மாமா! கண்டுபிடிச்சுட்டீங்களா? அது ஆம்பளை. ரெண்டாம் பாதியிலதான் விக்கைக் கழட்டிக் காட்டுவாங்க. முழுப்பேர் போட்டா முன்னாடியே தெரிஞ்சிரும்னுதான் ஒத்தை எழுத்து. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.

(விளக்குகள் இரண்டு முறை மினுக்குகின்றன.)

மாமனார்: ...ஆம்பளையா?

மாப்பிள்ளை: அப்ப நீங்க அதைக் கேக்கலையா?

மாமனார்: செட்டுலதான் சிக்கனம்னா அச்சுலயுமான்னு கேக்க வந்தேன்.